கடைமடைத் திருத்தம்

பயிர்க் காப்பீட்டுப் பக்கத்தை எழுதியவன்
எங்கேயோ ஏ.சி. அறையில், அகலத் திரையில்
உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.
திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் இ-சேவைக் கடையின் பதினைந்து இன்ச்சுக்கு
அது வந்து சேரும்போது
'சமர்ப்பி' பொத்தான் திரைக்கு வெளியே கிடக்கும்.
தலைமாட்டில் கும்பிட்ட கைகளின் படம்.
கால்மாட்டில் வலமிருந்து இடம் ஓடும் சிவப்பு எழுத்து.
நாலு நிமிஷம் கை வைக்காவிட்டால்
கட்டமெல்லாம் துடைத்துவிட்டு
மீண்டும் உள்நுழைக என்று நிற்கும்.

ஆற்றுத் தலைப்பில் நமக்கு வேலையில்லை.
ஷட்டர் அவர்களுடையது, முறை வைப்பதும் அவர்களே.
என் வரப்புக்குள் இறங்கிவிட்ட தண்ணீரை
எந்தப் பக்கம் திருப்புவதென்று
என் மண்வெட்டிக்குத் தெரியும்.
பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன்.
ஸ்டைல்ஷீட் ஒன்று, பதினேழு வரி.
ஸ்கிரிப்ட் ஒன்று: பாதி நான் எழுதியது,
மீதி ஏன் ஓடுகிறதென்று எனக்கே தெரியாது.

கும்பிட்ட கைகளுக்கு: டிஸ்ப்ளே நன்.
ஆங்கிலத்தில் அதற்கு ஒன்றுமில்லை என்று பொருள்.
தமிழ்க் காதுக்கு நல்லது என்று விழும்.
இரண்டும் சரியாகவே இருந்தது.
வெள்ளையை நாற்றங்கால் பச்சையாக்கினேன்.
சர்வே எண் கட்டத்தை
உள்ளங்கை அகலத்துக்கு இழுத்துவிட்டேன்.
நான் டீ குடிக்கப் போனாலும்
மூன்று நிமிஷம் ஐம்பது விநாடிக்கு ஒரு தரம்
என் இல்லாத விரல் பக்கத்தைத் தொட்டு எழுப்பும்.
ஓடும் சிவப்புக்கும் நன்.

கடைசித் தேதிக்கு ஆறு நாள். விடாத மழை.
கொக்கலாடி இடும்பையன்
மகளின் போனைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார்.
"ஏம்மா ஜுனைதா, இதுல செவப்பா ஓடுதே,
ஒன் டிவில ஏன் ஓடல?"
அதே பக்கம், நான் தொடாத பக்கம்.
கண் கூசும் வெள்ளை, கைகள், அடியில்:
மூன்று வருவாய்க் கிராமங்களுக்குக் குறியீடு மாற்றம்,
பழைய எண்ணில் வந்தவை ஏற்கப்படா.

அது ஓட ஆரம்பித்து ஒன்பது நாளாம்.
ஒன்பது நாளில் அந்த மூன்று ஊருக்கும் நான் போட்டது
நாற்பத்தொன்று.

நெட் சரியில்லண்ணே,
நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.
"நான்தான் அத மறைச்சு வச்சேன்."
"எதுக்கு?"
"கண்ணுக்குத் தொந்தரவா இருந்துச்சு."
திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"பச்ச நல்லாத்தான் இருக்கு" என்றார்.
ஈர ரசீதை என் பக்கமாகத் தள்ளினார்.

இரண்டு ராத்திரி.
ஒவ்வொருவருக்கும் போன், ஒவ்வொருவருக்கும் ஓடிபி.
பட்டாவும் அடங்கலும் பாஸ்புக்கும்
முன்பு நிரப்பியதை ஸ்கிரிப்ட் ஞாபகம் வைத்திருந்தது;
கிராம எண் மட்டும் கையால் மாற்றினேன்.
மறைத்ததும் அதுதான், எடுத்துக் கொடுத்ததும் அதுதான்.
கட்டணம் வாங்கவில்லை.
சிலர் இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போனார்கள்,
சிலர் வைதுவிட்டுப் போனார்கள்.
முப்பத்தொன்பது ஏறியது.
ஒருவர் சிங்கப்பூரில், போன் எடுக்கவில்லை.
இன்னொருவர், வேண்டாம் என்றார்,
விளைஞ்சா பாத்துக்கலாம்.

பிறகு அந்த வரியைத் திறந்து
நன் என்பதை அழித்தேன்.
ஓட்டத்தை மட்டும் நிறுத்தினேன்.
இப்போது சிவப்பு திரையின் உச்சியில்
தடித்த எழுத்தில் அசையாமல் நிற்கிறது.
பெரும்பாலும் ஏதாவது வாழ்த்துச் செய்தி.
முழுக்கப் படித்துவிட்டுத்தான்
அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறேன்.

சித்திரையில் மேலே யாரோ
கிளாஸ் பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள்.
காலையில் திறந்தால் பழைய வெள்ளை.
என் பதினேழு வரியில் ஒன்றுக்கும்
பிடித்துக்கொள்ள ஆளில்லை.
முள்ளியாற்றில் பொக்லைன் இறங்கித்
தூர் எடுக்கும் சத்தம் கடைவரை கேட்கிறது.
ஒவ்வொரு வருஷமும்தான் எடுக்கிறார்கள்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
முதல் பெயரைத் தேட ஆரம்பித்தேன்.

கும்பிடும் கைகள் இந்தத் தடவை நான்கு.